நண்டு சொன்ன 'வாரேன்'

கார்ட்டூன் நண்டுகளுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. குழந்தைகள் யூடியூபில் பார்க்கும் படங்களுக்கு, மில்லர்புரத்து மாடி அறையில் உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தருகிறேன். ஒருவர் சொல்வது ஒன்றாகவும் அதற்கு அர்த்தம் வேறாகவும் இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்த வேலை ஓடும். சண்டை போட்ட நண்டு மறுநாள் வந்து "சோறு தின்னியா?" என்று கேட்டால் அது பசியைப் பற்றிய விசாரணை இல்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு தெரிந்த எனக்குத் தம்பியின் ஒற்றைச் சொல் விளங்காமல் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது.

தம்பி துபாய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அம்மா பேசி முடித்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா இறந்துவிட்டதால் 'வீடு' என்ற வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். அம்மா மீன்குழம்பைப் படம் எடுத்துப் போடுவாள். அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் போடுவான்.

"ஏளா, கட்டைவிரலைக் காட்டுதான் பாரு. உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லுதான்" என்று அம்மா குமுறுவாள்.

"நல்லாருக்குன்னு அர்த்தம்மா."

"அதை வாயால சொன்னா முத்து உதிர்ந்துருமோ?"

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மகன் முகத்தைப் பார்க்காமல் ஆபரேஷன் மேசையில் படுக்க மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அதை அப்படியே குழுவில் போட்டேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"சரி. வாரேன்."

கீழே ஒரு ஸ்டிக்கர். என் நண்டேதான், ஒரு கொடுக்கைத் தூக்கி ஆட்டியது. அதற்கும் கீழே, அவன் குழுவிலிருந்து விலகிவிட்டான் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊரில் புறப்படுகிறவர் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் வீடே பதறிவிடும். கடைக்குப் போனாலும் கப்பல் ஏறினாலும் 'வாரேன்'தான். நிஜமாகவே வருகிறவனும் அதையேதான் சொல்வான். இதில் எது? அந்த நண்டு கூட்டாளிகளிடம் விடைபெற்றுக் கடலுக்குள் போகிற காட்சியை எழுதியவள் நான். ஆனால் அதை ஸ்டிக்கர் ஆக்கியவர்கள் காலை வணக்கத்துக்கு என்று வைத்துவிட்டார்கள். முற்றுப்புள்ளியே வைக்காதவன் இப்போது இரண்டு வைத்திருக்கிறானே, அது கோபமா? கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. "அதான் வாரேன்னு சொல்லிட்டாம்லா. இதுல என்ன ஆராய்ச்சி?"

"குரூப்பை விட்டே போயிட்டான்ம்மா."

"கிளம்பி வாரவனுக்கு குரூப் எதுக்கு?"

அம்மா என் போனை வாங்கி, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்கு நேராகப் பேசி அனுப்பினாள்: "ஏலே, எப்ப வாரன்னு சொல்லு. சீலா மீன் வாங்கி வைக்கணும்." அவன் கேட்டுவிட்டான் என்று காட்டும் நீலம் வந்தது. பதில் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டுக் கூப்பிட்டார்கள். "மகன் வாரான். அவன் வந்த பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வராதவனுக்காகக் காத்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம்.

சனிக்கிழமை காலை அவன் பையோடு வாசலில் நின்றான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சோறு தின்னியாலே?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். நான் எழுதியிருந்தால் பத்து வரியாவது எழுதியிருப்பேன்.

அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் வைத்து அவனைப் பிடித்தேன். "அன்னைக்கு நீ சொன்ன வாரேனுக்கு என்னலே அர்த்தம்?"

குனிந்தபடியே சொன்னான். "போறேன்னுதான்க்கா. திரும்பவும் பொண்ணு பாக்கதுக்கு ஆபரேஷன்னு கதை விடுதீங்கன்னு நினைச்சேன். இனி ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்னுதான் எழுத உக்காந்தேன். அம்மைகிட்ட போய் எப்படி போறேன்னு சொல்ல? கை வரல. வாரேன்னு போட்டேன். அவ எப்பன்னு கேட்டுட்டா."

அம்மா தேறி வீட்டுக்கு வந்ததும் மெல்லக் கேட்டேன். "அவன் போறேன்னுதான் சொல்லுதான்னு அப்பவே உனக்குத் தெரியுமாம்மா?"

"நான் எழுத்துக் கூட்டி வாசிக்கவ. வாரேன்னுதான் எழுதியிருந்துச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது தெரிந்த பேச்சா, தெரியாத பேச்சா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அவன் லீவு முடிந்து கிளம்பிய அன்று ஆட்டோ வாசலில் வந்து நின்றது. "வாரேம்மா" என்றான். எல்லாரும் சொல்வதுதான்.

அம்மா கட்டிலிலிருந்தே கேட்டாள். "எப்பலே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆட்டோவைப் பார்த்தேன்.

"கிறிஸ்மஸுக்கும்மா" என்றான்.