சந்தனம் பூசிய லாக்

ஞானஜோதியைப் பற்றி எழுதுவதென்றால் என் கோழைத்தனத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். விட்டுவிட்டு எழுத எனக்கே கூசுகிறது.

தொண்ணூற்று ஐந்தில், கிழக்குத் தாம்பரத்தில் முனிரத்தினத்தின் டிடிபி சென்டரில் நான் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆபரேட்டர். அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா அசரியா படுத்த படுக்கை. குடும்பமே அவள் விரல்களை நம்பியிருந்தது. கீபோர்டைப் பார்க்காமல் அடித்துக்கொண்டே என் திருத்தங்களைக் கிண்டல் செய்வாள். "அண்ணா, இது எழுத்தா, எறும்பு செத்துக் கிடக்கா?"

முனிரத்தினம் அப்பன் பாட்டன் நிலத்தை மனையாக விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கியவர். அதைத் தொட அவருக்குப் பயம். ஆனால் லாக்கின் மேல் உயிரையே வைத்திருந்தார். தமிழ் சாஃப்ட்வேரோடு வந்த, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் துண்டு அது. கம்ப்யூட்டரின் பின்னால் அதைச் செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். லைசென்ஸே அதற்குள்தான் இருந்தது.

ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளும் ஞானஜோதிக்கு லீவு. மூன்றாம் நாள் காலை வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். 'லைசென்ஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி வந்து நின்றது.

அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினாள். அதே வரிதான் வந்தது. முனிரத்தினம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பொறுக்க மாட்டாமல் சாஃப்ட்வேர் விற்ற டீலருக்குப் போன் போட்டார்.

"லாக் மாட்டித்தான் கீது சார்… இன்னாது, டூப்ளிகேட்டா இருந்தா அப்படித்தான் காட்டுமா?"

அவர் முகம் மாறியது. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சேலையூர் சென்டர்காரன் உன்ன வேலைக்குக் கூப்ட்டானாமே?"

"கூப்பிட்டாங்க சார். நான் போகலையே."

அவர் கேட்கவில்லை. போனிலேயே சொன்னார்: "எங்க ஆபரேட்டர் பொண்ணுதான் சார். அசல எட்த்து எவனுக்கோ குட்த்துட்டு இத்த மாட்டிக்கீது. திருட்டுக் கழுத!"

பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எல்லா சென்டருக்கும் அந்த ஒரே டீலர்தான். அவர் வாயிலிருந்து ஒரு சொல் போனால் போதும், ஞானஜோதிக்கு எந்த சென்டரும் கதவைத் திறக்காது. அவளுக்கும் அது தெரியும். என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பூஜை அன்னைக்கு நீங்கதானே கூட இருந்தீங்க? லாக்கை யாராவது கழட்டினாங்களா?"

கழற்றியவர் முனிரத்தினம். "எல்லாத்துக்கும் இதான் சாவி" என்று சொல்லித் தட்டில் வைத்து, முன்னும் பின்னும் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மறுநாள் நல்ல நேரம் பார்த்து, துண்டால் துடைத்து அவரே மாட்டினார். அதற்கும் நான் சாட்சி.

முனிரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கவனிக்கலைம்மா," என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போய் லாக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பொடிப்பொடி ஓட்டைகளில் பாதி மஞ்சளாய் அடைத்திருந்தன. தாவணியில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்தாள், காயவிட்டு மாட்டினாள். திரையில் தமிழ் எழுத்து வந்தது.

"அப்பாடா, சாமி காப்பாத்திச்சி," என்றார் முனிரத்தினம். "சரி சரி, குந்தி வேலையப் பாரு."

அவள் உட்காரவில்லை. சந்தனத் தூள் கிடந்த தாளை அப்படியே கொண்டுபோய்ப் போன் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க பூஜையை நான் குறை சொல்லல சார். ஆனா இந்த போன்லதான் என்னைத் திருடின்னு சொன்னீங்க. இதே போன்லயே இல்லைன்னு சொல்லுங்க."

"அத்த அப்பால பாத்துக்கலாம்மா."

"இப்பவே சொல்லுங்க சார்."

டயல் செய்தார். என்கேஜ்டு. "லைன் கிடைக்கல" என்று வைத்தார். அவள் நகரவில்லை. மறுபடியும் என்கேஜ்டு. நான்காம் தடவை மணி அடித்தது.

"முனிரத்தினம் பேசறேன் சார்… பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் லாக்குக்கு சந்தனம் வெச்சேன்."

டீலர் சிரித்த சிரிப்பு என் மேஜை வரை கேட்டது. முனிரத்தினம் ரிசீவரை வைக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, அவள் போய்த் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

நான்கு வருடம் கழித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்தமாக சென்டர் போட்டாள். முதல் புரூப் வேலையை எனக்குத்தான் கொடுத்தாள். போனால் டீ வாங்கித் தருவாள், அப்பா உடம்பைப் பற்றிச் சொல்லுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

"புரூப் ரெடி சார்," என்பாள்.