மாமியாரைக் கூப்பிடாத குடும்பம்

"நான் ஒருநாள் லீவு போட்டா இந்த ஊரே குளிக்காது."

தண்ணீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் எல்லோராலும் பெரியப்பா என்று அழைக்கப்பட்டவர் இப்படி அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது என்று தினமும் பட்டியல் போடும் மென்பொருளை மீசை அரும்பிய வயதில் எழுதியவர் அவர். அதன் பகுதிகளுக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் சொந்தபந்தங்களையே வைத்துவிட்டார். மச்சான் கணக்குப் போடுவான், சித்தி சரிபார்ப்பாள். மாமியார் என்ன செய்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"அதுல கை வச்சா மொத்தமும் படுத்துடும்" என்பார் பெரியப்பா. குடும்பஸ்தர்கள் ஆகையால் மற்றவர்களும் நம்பினார்கள்.

அவர் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்றானதும்தான் வம்பு பிறந்தது. ஒரு மாத லீவு கேட்டார். அதிகாரி கையை விரித்தார்.

"நீங்க போயிட்டா மாமியாரை யார் சார் பாத்துக்குவா?"

வீட்டில் மனைவி கேட்டாள்: "அவங்க தரலையா, நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். விட மாட்டேங்கறாங்க."

"பாவம், எவ்வளவு பெரிய ஆளு! நான் நொண்டிக்கிட்டே கெடக்கேன், விடுங்க."

அந்த வாரம் புதிதாக வந்த பெண் பொறியாளர் ஒரு கருவியை ஓட்டினாள். பழைய நிரல்களைப் படித்து, எந்தப் பகுதி எந்தப் பகுதியை வேலைக்குக் கூப்பிடுகிறது என்று படம் வரைந்துகொடுக்கும் கருவி. மச்சானிலிருந்து சித்திக்கு ஒரு கோடு, சித்தியிலிருந்து நாத்தனாருக்கு ஒரு கோடு. மாமியார் மூலையில் தனியாக நின்றாள்.

"பெரியப்பா, இவங்களை யாருமே கூப்பிடலையே!"

"படத்துக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியாதுதான். நீங்க தப்புன்னு சொன்னா, இந்தக் கருவி வேணாம்னு அதிகாரிகிட்ட சொல்லிடறேன். சரின்னா, நீங்க லீவுல போனாலும் இந்தப் படத்தை வச்சு நாங்களே பாத்துக்குவோம்."

தப்பு என்று ஒரு சொல் போதும், கௌரவம் பிழைத்துவிடும். பெரியப்பா மாமியாரைத் தலைமுதல் கால்வரை படித்துப் பார்த்தார். எதற்காகப் பெற்றெடுத்தோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. சோதனைக் கணினியில் அவளை அழித்துவிட்டுப் பட்டியலைப் போட்டார். ஒரு தெரு குறையாமல் வந்தது.

"படம் சரிதாம்மா" என்றார். லீவு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அதிகாரியிடம் போனார்.

லீவின் முதல் நாள் காலையில் மருத்துவமனைக் குளியலறையில் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. குளித்துவிட்டு வந்து, மனைவியின் கட்டிலருகே ஈரத்தலையோடு உட்கார்ந்தார்.