பெட்டிக்குள் படரும் பச்சை

பழைய காசுக்குத் தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சீல் அடித்துத் தரும் கம்பெனிகள் உண்டு. அதில் பேர் தெரியாத கம்பெனிகளின் பெட்டிகளைத்தான் நான் சேர்க்கிறேன். உள்ளே இருக்கும் காசு எனக்கு இரண்டாம்பட்சம்.

கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவர் அப்படி ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே, அவர் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து கும்பிட்ட அம்மன் காசு, சமஸ்தான காலத்துச் செம்பு. பூஜைச் சாமானோடு அதையும் புளி போட்டு விளக்கித்தான் சீலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஓரத்துல பச்சையா படருதுண்ணே. அம்மனை அடைச்சு வச்சிட்டியளேன்னு வீட்டுல ஒரே அழுகை. நீங்கதான் பொட்டி வைத்தியராமே!"

சிரித்துக்கொண்டே லென்ஸை வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. புளி ஈரத்தோடு அடைபட்ட செம்பில், பச்சைக் களிம்பு அம்மனின் மடிவரை ஏறியிருந்தது.

"இப்பவே ஒடச்சு எடுத்துருவோம்."

"ஒடச்சா சீலும் தரமும் போயிருமேண்ணே! கம்பெனியைக் கேட்டுக்கிறேன்."

அங்கேயே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "நாளைக்குப் போட்டுப் பாக்குறேன்" என்று பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சற்று நேரத்தில் அவர் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, அம்மன் மொகம் நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா" என்றேன். இன்றைக்கு வரைக்கும் தெரிகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.