நாற்பதடி ரோட்டு வீடு

இது கட்டுக்கதை இல்லை. நர்மதாவின் நெற்றியில் போட்ட ஏழு தையலை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் போகிற வழியில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி ஒரு புது லேஅவுட். நாற்பதடி ரோடு, அறுபது மனை, கட்டி முடித்த வீடு ஒன்பதுதான். நர்மதாவின் புருஷன் வெங்கடேசனுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை. வியாசர்பாடியில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்று இடிபட்டவளுக்கு இந்த இடம் சொர்க்கமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு மிக்சி சத்தம்கூடக் கேட்காத அமைதி. வாடகைக்கு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

அன்று சனிக்கிழமை. வெங்கடேசன் ஷிப்டுக்குப் போயிருந்தான். ஐந்து வயது மகள் நந்தினி வெளியே போர்ட்டிகோவில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நர்மதா சமையலறையில் பாத்திரம் துலக்கினாள். மதியம் மணி 2.10.

பின்னறையில் யாரோ இருமினார்கள். ஆண் இருமல்.

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் காலையில் மடித்து வைத்த பாய் விரிந்து கிடந்தது. தலையணையில் பள்ளம். தொட்டாள்... சூடாக இருந்தது.

2.13. டங்... டங்... இரும்புக் குழாயால் சுவரை அடிப்பதுபோல. முதலில் மாடியில். பிறகு படிக்கட்டில். பிறகு ஹாலில். ஓடி வந்தாள். ஆள் இல்லை. அடி மட்டும் விழுந்தது. சுவரில் காரை பெயர்ந்து கொட்டியது.

"யாரு?"

பின்னாலிருந்து ஒரு கை அவள் மயிரைக் கொத்தாகப் பிடித்தது.

இழுத்தது. தரையோடு தரையாக. முழங்கை தேய்ந்து ரத்தம் கோடு போட்டது. வாசல் நிலையில் தலையை மோதியது. ஒரு முறை... இரண்டாம் முறை... கண்ணில் ரத்தம் இறங்கியது. எதிரே வெறும் காற்று. கழுத்தில் மட்டும் விரல்கள்.

வெளியே சின்னக் கால் சத்தம்.

"அம்மா?"

"நந்தினி, உள்ள வராத! ஓடுடீ!"

இருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள். காலை நீட்டிக் கதவை உதைத்துச் சாத்தினாள்.

கழுத்து இறுகியது.

பிறகு... விட்டது.

மணி 2.19.

நந்தினி ஓடியது மூன்று மனை தள்ளியிருந்த ரோசம்மாள் வீட்டுக்கு. அந்த அம்மாளும் அவள் மகன் இம்மானுவேலும்தான் நர்மதாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதன்பிறகு நர்மதா அந்த வீட்டில் காலே வைக்கவில்லை. சாமானை எடுக்க வெங்கடேசன்தான் நாலு ஆட்களோடு போனான்.

அன்று சாயங்காலம், தையல் போட்டு முடிந்ததும் அவள் ரோசம்மாளிடம் கேட்டாள்.

"அவ்ளோ கத்தினேனேக்கா... யாருக்கும் கேக்கலியா?"

ரோசம்மாள் தலை குனிந்தாள். "கேட்டுச்சும்மா. எப்பவும் கேக்குறதுதானேன்னு இருந்துட்டோம். கொயந்த வந்து கதவத் தட்டினப்புறம்தான்..."

"எப்பவுமா? அந்த ஊட்டுல யாராவது செத்தாங்களா?"

"யாரும் சாகல. நீங்கதான் மொதக் குடித்தனம். ரெண்டு வருசமா பூட்டியே கெடந்துச்சு. பூட்டின ஊட்டுக்குள்ளேர்ந்து மத்தியானத்துல ஒரு பொம்பள கத்துவா. நீங்க வந்தப்புறம் நின்னுடுச்சு. இன்னிக்கி மறுபடியும்..."

"இன்னான்னு கத்துவா?"

ரோசம்மாள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"'நந்தினி, உள்ள வராத'ன்னு. அப்புறம் கதவு தொறக்குற சத்தம். அப்புறம் ஒரு கொயந்த கத்தும்... இன்னிக்கி அது மட்டும் கேக்கல."