நான் எழுதிக் கொடுத்த ஆறு தாள்கள்

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே இருந்த லொறிகளில் சரக்கு அனுப்பும் ஒரு கந்தோருக்குக் கம்பியூட்டர் வந்திருந்தது. உதவிப் புரோகிராமர் தேவை என்று பத்திரிகையில் பார்த்தேன். கொழும்பில் ஒன்பது மாதம் தங்கிப் புரோகிராம் எழுதப் படித்துவிட்டு, அதே ஊரில் ஓர்ஸ் ஹில் வீட்டில் வேலையில்லாமல் இருந்தவள் நான். உடனே விண்ணப்பித்தேன்.

நேர்முகப் பரீட்சையில் மனேஜர் என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எப்போது கல்யாணம் என்று மட்டும் கேட்டார். பிறகு, கந்தளாய்க்கும் தோப்பூருக்கும் போகிற லொறிகளில் எதற்கு முதலில் சரக்கு ஏற்றுவது என்று தீர்மானிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதச் சொன்னார். பின்னேரம்வரை இருந்து ஆறு தாள்கள் எழுதிக் கொடுத்தேன். அனுபவம் போதாது என்று பதில் வந்தது. எனக்குத் திறமை இல்லையாக்கும் என்று அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். அந்த வேலை கிடைத்தவர் அவர்தான். கையில் என் ஆறு தாள்கள். மேலே என் பெயர் மையால் வெட்டப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து வாசித்து, பழைய விண்ணப்பங்களில் விலாசம் தேடி வந்திருக்கிறார்.

“இது கொழும்பில செய்விச்சது எண்டுதான் கந்தோரில சொன்னவை. நாலாம் தாள் எனக்கு விளங்கேல்ல. உங்களிட்டக் கேளாமல் பாவிக்கிறதும் சரியில்லை,” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் காலை அவரோடு கந்தோருக்குப் போனேன். நான் எழுதியதை எடுத்துக்கொண்டு எனக்கு வேலை இல்லை என்றது என்ன நியாயம் என்று மனேஜரிடம் கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்தபடியே பதில் சொன்னார்.

“தாளும் எங்கட, பேனையும் எங்கட. சோதனையில எழுதினது எங்களுக்குத்தான் சொந்தம். வந்தனீர்தானே, நாலாம் தாளை இவருக்கு விளங்கப்படுத்திப்போட்டுப் போம்.”

“ஏலாது,” என்றேன். “சொந்தக்காரர் நீங்கள்தானே. நீங்களே விளங்கப்படுத்துங்கோ.”

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. மனேஜர் தாளை இரண்டு தரம் புரட்டினார். பிறகு அதை அந்த இளைஞரிடமே நீட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் புரோகிராம் கடைசிவரை ஓடவில்லை, லொறிப் பட்டியலைப் பழையபடி கையால்தான் எழுதினார்கள் என்று அந்த இளைஞர் பிறகு சொன்னார். அடுத்த நேர்முகப் பரீட்சையில், சோதனை எழுத முதலே, நான் எழுதித் தருவதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கேயும் வேலை தரவில்லை. மூன்றாவது இடத்தில்தான் முகம் சுளிக்காமல் பதில் சொல்லி, வேலையும் தந்தார்கள்.

தாள்கள் போனதைக்கூட மறந்துவிடுவேன்; அவர்கள் சொன்னதை நம்பி இரண்டு மாதம் என்னை நானே மட்டமாக நினைத்திருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கொதிக்கிறது.