தண்டாயுதபாணி வண்டிக்குப் பார்த்த வைத்தியம்

தண்டாயுதபாணிக்கு ஒரு காலத்தில் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் கடன் இருந்தது. பழைய டீசல் மினி லாரி ஒன்றை வாங்கப் பட்ட கடன். அந்த லாரியை ஓட்டியே பைசா பாக்கியில்லாமல் அடைத்தார். அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் அவரிடம் மணி கேட்டவன்கூட அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. சொல்லட்டுமே. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தன் கையால் கரையேறியவன் பேசாமல், அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்றவனா பேசுவான்?

லாரி இப்போது நாலரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஆறு மாதமாக இழுவை இல்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும், பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குப் போகிற பங்காளி மாதிரி நகர்ந்தது. நத்தம் தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றி வந்தால் கோபால்பட்டியில் டிராக்டர் முந்தியது. ஏலம் முடிந்தபின் வரும் மாங்காயை யார் சீந்துவார்? மண்டிக்காரி ஆனந்தமேரி நேராகவே சொல்லிவிட்டாள்.

"பாணியண்ணே, நாளைக்கு ஒருநா பாக்குறேன். ஏலத்துக்கு முந்தி வரலேன்னா சீசன் வாடகை பூராவும் அழகுராஜா வண்டிக்குத்தான். கோவிச்சுக்காதீக."

"நான் என்ன நேத்தா வண்டி ஓட்ட வந்தேன்?" என்றார் தண்டாயுதபாணி. ஆனால் மாங்காய் வாடகைதான் அவர் வீட்டில் வருசத்துச் சோறு.

அதுவரை நாலு மெக்கானிக் பார்த்தாயிற்று. டீசல் ஃபில்டர் மாறியது, டீசல் பீய்ச்சும் நாசில் கழுவப்பட்டது. நோயையும் மருந்தையும் அவரே சொல்லிவிடுவார். சொன்னதைச் செய்பவன்தான் நல்ல மெக்கானிக் என்பது அவர் கட்சி. ஐந்தாவதாக, பைபாஸில் பட்டறை போட்டிருக்கும் முகமது பாரூக்கிடம் போனார்.

"டீசல் பம்பு போச்சு தம்பி. கழட்டு."

"வைத்தியம் பாக்க வந்தீகளாண்ணே, சொல்லிக் குடுக்க வந்தீகளா?"

பாரூக் ஆக்சிலேட்டரை மிதித்தான். கரும்புகை சுருண்டு வந்தது.

"டீசல் தாராளமா போகுது. காத்துதான் போகலை. மூக்கடைப்பு."

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். ஃபில்டரின் மடிப்பெல்லாம் வெள்ளைப் பொடி அப்பிக் கிடந்தது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

"ஏண்ணே, இது திருநீறுல்ல?"

தண்டாயுதபாணி வானத்தைப் பார்த்தார். சோறு போடுகிற வண்டியாயிற்றே. வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டி, எஞ்சின் காற்றிழுக்கும் குழாய்க்குள் ஒரு சிட்டிகை பழனித் திருநீறு போடுவது அவர் வழக்கம். இழுவை குறைந்ததிலிருந்து தினமும் ஒரு கைப்பிடி.

"பிள்ளைக்கு மேலுக்கு முடியலேன்னா வாயில போடுறதில்லையாடா?"

"வாயில போடுவாக. நீங்க மூக்குல போட்டுருக்கீக."

பழையதை எறிந்து, குழாயைத் துடைத்து, புது ஃபில்டர் மாட்டினான். எல்லாம் சேர்த்து எண்ணூறு என்றான்.

"தூசி தட்டுனதுக்கு எண்ணூறா? ஐநூறு. அதுவும் வாடகை வரட்டும்."

"அப்ப நாளைக்கு உங்க கூடவே வாரேன்" என்றான் பாரூக். சொன்னபடி மறுநாள் நத்தத்தில் லோடு ஏறும்போது முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

லாரி கோபால்பட்டியில் டிராக்டரை முந்தியது; டவுன் பஸ்ஸையும் முந்தியது. மண்டிக்குள் நுழைந்தபோது ஏலக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனந்தமேரி வாடகையைக் கொடுத்து, "சீசன் முடியுற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. ஆமா, வண்டிக்கு என்ன கோளாறு?" என்றாள்.

"பெரிய கோளாறும்மா. ஊர்ல ஒரு பயலுக்கும் பிடிபடலை. கடைசியில நானேதான் கண்டுபிடிச்சேன்."

"ஆமாக்கா, அண்ணன்தான்" என்றான் பாரூக். "என்னன்னு நான் சொல்லவா?" என்றபடியே வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினான்.

பேரம் பேசாமல் எட்டு நூறு ரூபாய்த் தாள்களை அந்தக் கையில் எண்ணி வைத்தார் தண்டாயுதபாணி. கை மடங்கவில்லை. ஆனந்தமேரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்பதாவது தாளையும் வைத்தார்.