முப்பத்தாறும் மலை

போன வாரம் இறந்துபோன என் நண்பன் மஞ்சுநாத்தின் மகள் இன்று குருபரப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து ஓசூருக்கு, என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அப்பாவோட சின்ன வயசு போட்டோ வீட்ல ஒண்ணுகூட இல்ல. நேபாளம் போனீங்களே, அதுல ஒண்ணு குடுங்க."

தொண்ணூறுகளில், பாலிடெக்னிக் படிக்கும்போது போனோம். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. இரவல் கேமரா, ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம்.

படத்துக்கு நிற்கச் சொன்னபோதெல்லாம் மஞ்சுநாத் திட்டினான். "நம்ம மூஞ்சி எங்கடா ஓடிப்போவுது? ஊர்லயே எடுத்துக்கலாம். ஃபிலிம வேஸ்ட் பண்ணாம மலைய எடு."

ஆல்பத்தைக் கொடுத்தேன். முப்பத்தாறும் மலை. அவன் எடுத்த ஒன்றில் மட்டும், ஓரத்தில் லென்ஸை மறைத்தபடி அவன் விரல், மங்கலாக.

அதை மட்டும் உருவிக்கொண்டு போனாள்.

உங்கள் ஆல்பத்தில் யாராவது மலையை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களா? கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்.